வலம் இடம் மாறிய தேவாலயம்

றோசலின் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் எறிக்கோடு சிட்னியின் டூங்கபியில் தங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பாள். சனிக்கிழமைகளில் மட்டும், தன் சபையே அல்லாத, பரமாட்டாவுக்கு அப்பால் இருந்த சென் ஒஸ்வின் என்ற ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குப் போவாள். அங்கே அவள் ஜெபம் செய்வதில்லை. அளவெடுப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பொறியியல் நிறுவனத்தில். வடிகால்களுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்கும் வரைபடம் வரைவது தொழில். மன்னாரிலிருந்து வந்த புதிதில் கட்டடக்கலை படிக்க ஆசைப்பட்டாள். இரண்டு பிள்ளைகள், எறிக்கின் இரவு வேலை, தன் ஆங்கிலத்தில் இருந்த பயம் எல்லாமாகச் சேர்ந்து அது நடக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் ஒருநாள் அந்தத் தேவாலயத்தின் மழைநீர்க் குழாயை அளக்க நிறுவனம் அவளை அனுப்பியது. வெளி வேலையை முடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவள், வேலைக்குத் திரும்பிப் போக இரண்டு மணி நேரம் பிந்தினாள்.

சென் ஒஸ்வின் 1854இல் சிட்னியின் மஞ்சள் மணற்கல்லால் கட்டியது. ஆனால் அதன் உருவம் அதைவிட அறுநூறு வருடம் பழையது. இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் வரைபடத்தை அந்தக் காலத்துக் குருவானவர் ஒருவர் கப்பலில் வரவழைத்து, அப்படியே எழுப்பியிருந்தார். மேற்கே கட்டையான கோபுரம். நடுவே மக்கள் நிற்கும் நீண்ட கூடம். கிழக்கே ஒரு கல் வளைவு, அதற்கப்பால் கூரை தாழ்ந்த, சிறிய பீடப்பகுதி. அந்தப் பீடப்பகுதி கூடத்துக்கு நேராக இராது. சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சிலுவையில் இயேசு தலை சாய்த்ததைக் குறிக்க அப்படிக் கட்டினார்கள் என்று வருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு. உண்மையில் பழைய கொத்தர்கள் நூல் பிடித்ததில் வந்த கோணல்தான் என்றும், அறுநூறு வருடம் கழித்து அந்தக் கோணலையும் விடாமல் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் என்றும் றோசலின் சொல்வாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சமாகும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளே பார்வையாளர்களை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுவாள். தேவாலயத்தின் நிர்வாகத்தைக் கவனித்த மார்கரெட் என்ற முதிய பெண்மணி, புதியவர்களிடம் அவளை எங்கள் றோசலின் என்று அறிமுகம் செய்வார். அந்த எங்கள் என்ற சொல்லுக்காகவே றோசலின் மழையிலும் பஸ் பிடித்து வந்தாள்.

அவளுக்கு அந்தக் கட்டடத்தைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். முதலாவதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது. நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் லிங்கன்ஷயர்த் தேவாலயத்தின் தரைப்படம் கிடைத்தது. அதைத் தன் படத்தோடு ஒப்பிட்டபோது ஒன்றும் பொருந்தவில்லை. நகலெடுத்த தாளைத் திருப்பி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அங்கே தெற்கே இருந்த வாசல் மண்டபம் இங்கே வடக்கே இருந்தது. அங்கே தெற்குச் சுவரில் இருந்த பெரிய யன்னல்கள் இங்கே வடக்குச் சுவரில். கண்ணாடியில் தெரிகிற முகம்போல, தேவாலயம் முழுவதும் வலம் இடமாக மாறியிருந்தது.

ஏன் என்பது இரண்டாவது விஷயம். அது ஏழு வருடத்துக்கு முன் தற்செயலாகக் கைக்கு வந்தது. குருவானவர் உடை மாற்றும் அறையில் ஒரு அலுமாரி. அதன் கீழ் இழுப்பறை இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றி எடுத்தபோது பின்னால் ஒரு கடிதத்தின் கைப்பிரதி மடிந்து கிடந்தது. தேவாலயத்தைக் கட்டிய அதே குருவானவர் தன் தம்பிக்கு எழுதியது. சுவர்கள் இடுப்பளவு எழுந்த பிறகுதான் தவறு தெரிந்தது என்று அதில் இருந்தது. மேஸ்திரி, எழுத்தில்லாத மெல்லிய பிரதிப்படத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து அத்திவாரம் வெட்டிவிட்டான். இடித்துக் கட்ட எனக்குத் தெம்பில்லை, இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப்போவதும் இல்லை என்று அவர் முடித்திருந்தார்.

றோசலின் அதைப் படமெடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்போது அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஒருநாள் இந்தத் தேவாலயத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுத வேண்டும், அதில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். எழுத உட்கார்ந்தால் முதல் ஆங்கில வாக்கியமே பிடிக்காமல் போகும். அடுத்த வருடம் பார்ப்போம் என்று மூடி வைப்பாள். ஏழு வருடம் அப்படிப் போனது.

பார்கவியைச் சென் ஒஸ்வினுக்கு அழைத்துப் போனதும் றோசலின்தான்.

பார்கவி கோயம்புத்தூர்ப் பெண். வயது முப்பத்தொன்று. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கட்டடக்கலைஞராக நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் இரண்டு வருடம் அதற்கென்றே படித்தவள். மெரிலேண்ட்ஸில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்தாள். முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் றோசலினின் மீன் குழம்பை உரிமையோடு எடுத்துச் சாப்பிட்டாள். றோசலினுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை, எனக்கு ஒரு இடம் தெரியும், வாரும் காட்டுறன் என்று கூட்டிப் போனாள்.

பார்கவி வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். கூடத்தின் நடுவில் நடந்து வளைவைத் தாண்டிப் பீடப்பகுதிக்குள் போனாள். அங்கே சுவரில் குடைந்த ஒரு சின்னக் கல் தொட்டி உண்டு. பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரை நிலத்துக்குள் விடுவதற்காக வைத்தது. அதன் விளிம்பில் விரல் வைத்தாள்.

"அக்கா, இது வடக்குச் சுவர்தானே? இந்தத் தொட்டி தெற்குலதான் இருக்கும். நான் பார்த்த நாற்பது சர்ச்லயும் தெற்குலதான். இது மொத்தமா திரும்பி இருக்கு. கண்ணாடியில பார்க்கற மாதிரி."

அவள் உள்ளே வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

றோசலின், ஓம், அப்படித்தான் என்றாள். நூலகத்தையும் யன்னல் வெளிச்சத்தையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இரண்டு வருடம் என்பதையும் சொல்லவேண்டி வரும். விட்டுவிட்டாள்.

பார்கவி தொடர்ந்து பேசினாள். அந்த லிங்கன்ஷயர்த் தேவாலயத்துக்கே அவள் போயிருந்தாள். பனி கொட்டிய ஒரு நாளில், நண்பர்களோடு சும்மா வழியில் இறங்கிப் பார்த்ததாம். உள்ளே நல்ல குளிர், வாசல் பூட்டே இல்லை, யாரும் இல்லை, நாங்களே கதவைத் திறந்துக்கிட்டுப் போனோம் என்றாள். றோசலின் பதினொரு வருடமாகக் கனவில் திறந்த கதவு அது. அதை இவள் வழியில் இறங்கிப் பார்த்திருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து றோசலின் சமைக்கவில்லை. தலையிடி என்றாள்.

அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. தேவாலயத்துக்கு நூற்றெழுபது வருடம் நிறைவடைய இருந்தது. விழாவுக்கு ஒரு புத்தகம் போட வேண்டும், ஒரு உரையும் வேண்டும் என்று மார்கரெட் சொன்னார். சொல்லும்போது பார்கவியைப் பார்த்தார். யார்க்கில் படித்தவள் நம் இடத்துக்கு வந்தது நம் அதிர்ஷ்டம் என்றார். பிறகு றோசலின் பக்கம் திரும்பி, உன் படங்களைப் பார்கவிக்குக் கொடுத்து உதவுவாய் அல்லவா என்று கேட்டார். றோசலின் சிரித்துக்கொண்டே ஓம் சொன்னாள். பதினொரு வருடத்தின் அளவுகளை ஒரு சின்ன டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

பார்கவி அவளை ஒதுக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு பகுதியையும் அனுப்பினாள். பிழை இருந்தால் சொல்லுங்கக்கா என்று கேட்டாள். ஏதாவது ஒரு இடத்தில் சறுக்கமாட்டாளா என்று றோசலின் ஒவ்வொரு வரியையும் தேடினாள். எழுத்து சுத்தமாக இருந்தது. தான் ஏழு வருடமாக எழுத முடியாத முதல் வாக்கியத்தை அவள் எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது, தன் வீட்டுக் கதிரையில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைக் கண்டதுபோல் இருந்தது. எழும்பு என்று சொல்லவும் முடியாது.

மூன்றாவது பகுதியில் பார்கவி சறுக்கினாள். தேவாலயம் ஏன் வலம் இடம் மாறியது என்பதற்கு அவள் ஒரு காரணம் எழுதியிருந்தாள். இங்கிலாந்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். ஆகவே அங்கே வாசலும் பெரிய யன்னல்களும் தெற்கே. இங்கே வெயில் வடக்கிலிருந்து. அந்தக் குருவானவர் இதைப் புரிந்துகொண்டு, கப்பலில் வந்த வரைபடத்தைப் புது வானத்துக்கு ஏற்பத் திருப்பினார். இந்த நாட்டின் வெளிச்சத்தை முதலில் மதித்த கட்டடங்களில் ஒன்று இது.

அழகாக இருந்தது. முழுப் பிழை.

றோசலின் அதைக் குசினி மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்தாள். கைபேசியில் அந்தக் கடிதத்தின் படம் இருந்தது. பார்கவிக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். அவள், நல்லா இருக்கு, பிழை ஒண்டும் இல்லை என்று பதில் எழுதினாள். அனுப்பிய பிறகு மனம் பதறவில்லை. பல கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டாள்.

எறிக்குக்கு மட்டும் சொன்னாள். அவன் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், அதிகம் பேசமாட்டான். உரை நடக்கும் நாளில் கேள்வி நேரத்தில் எழும்பிக் கடிதத்தைக் காட்டப் போகிறேன் என்றபோது அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அந்தப் பிள்ளை உமக்கு என்ன செய்தவள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன்?"

அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் வரவேண்டாம், நான் தனியப் போறன் என்றாள். ஆனாலும் எறிக் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

உரைக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். பார்கவி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். வாசலில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அட்டையில் பார்கவியின் பெயர். உள்ளே நன்றிப் பக்கத்தில், அளவுகளும் வரைபடங்களும் றோசலின் என்று இருந்தது. வெயில் பற்றிய இடத்துக்கு வந்தபோது பார்கவி நிறுத்தி, வடக்கு யன்னல்களைக் கையால் காட்டினாள். மாலை வெயில் சரியாக அவற்றின் வழியே விழுந்து கூடத்தின் தரையில் கிடந்தது. எழுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டத் தொடங்க எல்லோரும் தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் றோசலின் எழுந்தாள். ஆங்கிலத்தில், பலமுறை வீட்டில் சொல்லிப் பார்த்தபடி, தடக்காமல் பேசினாள். காரணம் வெயில் இல்லை, மேஸ்திரியின் தவறு என்றாள். கடிதத்தை வரி வரியாக வாசித்தாள். அலுமாரி, இழுப்பறை, தேதி எல்லாம் சொன்னாள். முடித்து நிமிர்ந்தாள். அந்த நிமிடத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். எல்லா முகமும் அவள் பக்கம் இருந்தது.

பார்கவி மைக்கை வைத்துவிட்டு, எழுபது பேர் இருப்பதை மறந்ததுபோலத் தமிழில் கேட்டாள்.

"இது எப்பக் கிடைச்சதுக்கா?"

றோசலினுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஏழு வருசம்" என்றாள்.

மார்கரெட்டுக்கு அந்தச் சொற்கள் விளங்கவில்லை, ஆனால் பார்கவியின் முகம் விளங்கியது. அவர் மெதுவாக ஆங்கிலத்தில் அதையே கேட்டார். றோசலின் மறுபடியும் சொன்னாள். அப்படியானால் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் நீ அந்தப் பகுதியை வாசித்தாய் அல்லவா என்று மார்கரெட் கேட்டார். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தன் கண்டுபிடிப்பைக் காட்ட நினைத்தவள், ஏழு வருடம் ஒளித்து வைத்ததையும் அதற்குப் பின்னால் இருந்த மனதையும் எழுபது பேருக்குக் காட்டிவிட்டிருந்தாள்.

எறிக் எழுந்து வந்து அவள் கைப்பையை எடுத்தான்.

மறு கிழமை அவள் மெரிலேண்ட்ஸுக்குப் போனாள். பார்கவி கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை. றோசலின் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பேரை முதல்ல போட்டிருப்பேன்" என்றாள் பார்கவி. "புத்தகத்தையே உங்ககிட்ட கொடுத்திருப்பேன்."

"தெரியும்" என்றாள் றோசலின். "எனக்கு அது மட்டும் காணாது. உம்மட பேர் இல்லாமல் இருக்கவேணும் எண்டு நினைச்சன்."

பார்கவி, கடிதத்தின் தெளிவான ஸ்கேன் வேண்டும், புத்தகத்தைத் திருத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திருத்திய புத்தகம் மூன்று மாதத்தில் வந்தது. இருவரும் மின்னஞ்சலிலேயே வேலை செய்தார்கள். ஒரே அலுவலகத்தில் நான்கு மேசை தள்ளி இருந்துகொண்டு, ஆங்கிலத்தில், மரியாதையாக. அட்டையில் இரண்டு பெயரும் வந்தன. யார் முதலில் என்ற கேள்வி வந்தபோது மார்கரெட் அகரவரிசை என்று தீர்த்துவைத்தார். ஆங்கில அகரவரிசையில் பார்கவி முன்னுக்கு வந்தாள். இவ்வளவுக்குப் பிறகும் றோசலினுக்கு அது சுருக்கென்று தைத்தது. தன்னை நினைத்து அவளுக்கே அலுப்பாக இருந்தது. சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தினாள். மார்கரெட் ஒருமுறை அவளுக்குப் போன் எடுத்து, ஏன் வருவதில்லை என்று கேட்டார். மறுமுறை எடுக்கவில்லை. வருட முடிவில் பார்கவி நகரத்தில் வேறொரு நிறுவனத்துக்குப் போனாள்.

எறிக்தான் இங்கிலாந்துக்குப் போவோம் என்றான். லண்டனில் அவன் தங்கச்சி இருந்தாள். ஜூன் மாதம் போனார்கள். ஒரு நாள் ரயிலும் பஸ்ஸுமாக லிங்கன்ஷயருக்குப் போய் அந்தக் கிராமத்தில் இறங்கினார்கள். எறிக் வெளியே கல்லறைகளுக்கு நடுவே ஒரு வாங்கில் உட்கார்ந்துகொண்டான். றோசலின் தெற்கு வாசலால் உள்ளே போனாள்.

அவளுக்கு அங்கே ஒவ்வொரு அளவும் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் பதினொரு வருடம் சென் ஒஸ்வினில் பழகிய கால்கள் ஒவ்வொரு இடத்திலும் தவறான பக்கம் திரும்பின. பீடப்பகுதிக்குப் போக எடுத்த முதல் அடியிலேயே வாங்கின் விளிம்பில் இடுப்பு மோதியது. குருவானவருக்கான சின்னக் கதவைத் தேடி வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். இடக்கையால் எழுதப் பார்த்த மாதிரி உடம்பு முழுவதும் தடுமாறியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. எறிக்கிடம் சொன்னால் தலையாட்டுவான். இது என்னவென்று விளங்கக்கூடிய ஆள், இரண்டு தேவாலயத்துக்குள்ளும் நடந்தவள், உலகத்தில் இன்னும் ஒருத்திதான் இருந்தாள்.

சிட்னிக்குத் திரும்பி இரண்டு கிழமை கழித்துப் பார்கவியின் புதிய அலுவலகத்துக்கு அவள் போனாள். வருகிறேன் என்று முன்னதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். வரவேண்டாம் என்று பதில் வரவில்லை.

"போய்ப் பார்த்தனான்" என்றாள்.

பார்கவி கணினியிலிருந்து திரும்பி, எப்படி இருந்தது என்று கேட்டாள். றோசலின் வாங்கில் மோதியதையும் இல்லாத கதவைத் தேடியதையும் சொன்னாள். சொல்லும்போது கைகள் தாமாகவே வலமும் இடமும் காட்டின. பார்கவி கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் தேடிய இடத்தில் அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. நானும் சென் ஒஸ்வினுக்கு வந்த முதல் நாள் அப்படித்தான், வெளியில தெரியாத மாதிரிச் சமாளிச்சேன் என்றாள். பிறகு சிரிப்பு அடங்கியது.

"எனக்கு இன்னும் கோபம் போகலை" என்றாள்.

"ஓம். போகவேணும் எண்டு கேக்க வரேல்லை. உமக்குத்தான் சொல்லலாம் எண்டு வந்தனான்."

பார்கவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். றோசலின் உட்கார்ந்தாள். மேசைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதே லிங்கன்ஷயர்த் தேவாலயம், பனிக்காலம், பீடப்பகுதியின் தாழ்ந்த கூரையில் ஒரு அடி வெள்ளை. உள்ளே விளக்கு எரிந்து யன்னல்கள் மஞ்சளாக இருந்தன. றோசலின் போனபோது புல் பச்சையாக இருந்தது, நடுப்பகல், ஒரு விளக்கும் எரியவில்லை. நெஞ்சுக்குள் பழைய சூடு எழும்பி வருவது அவளுக்குத் தெரிந்தது.

"இப்பிடி நான் பார்க்கேல்லை" என்றாள். "பார்க்க எனக்கு எரிச்சலாக் கிடக்கு."

பார்கவி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்து, எந்த இடத்தில் நின்று எடுத்தாள், அன்றைக்கு எவ்வளவு பனி, அந்த விளக்கை நண்பர்களில் யார் போட்டது என்று சொல்லத் தொடங்கினாள். றோசலின் கதிரையை மேசைக்குக் கிட்ட நகர்த்திக்கொண்டாள்.